கொழுப்புக்கட்டியா? வெட்டுவதற்கு முன் அதன் பெயரைக் கேளுங்கள்

திருகோணமலை பாலையூற்றில், வீட்டு முன்னறையில் 18 வருடமாகத் தைக்கிறேன். சுற்றுவட்டாரப் பெண்களின் உடம்பளவெல்லாம் என் கொப்பியில் இருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன் தைப்பொங்கலுக்கு எனக்கென்று ஒரு பஞ்சாபி தைத்தேன். போட்டுப் பார்த்தால் கால்சட்டை வலது தொடையில் இறுக்கிப் பிடிக்கிறது, இடது பக்கம் தளர்வாக இருக்கிறது. வெட்டில் பிழை என்று நினைத்து, தையலைப் பிரித்து, இரண்டு துண்டையும் மேசையில் ஒன்றின் மேல் ஒன்று வைத்தேன். ஒரு நூல் பிசகவில்லை. அப்புறம்தான் நாடாவை எடுத்து இரண்டு தொடையையும் அளந்தேன். வலது தொடை 3 சென்ரிமீற்றர் கூட.

அழுத்திப் பார்த்தேன். தொடையின் முன்பக்கத்தில், உள்ளே ஆழமாக, மெத்தென்று ஒரு கட்டி. வலி இல்லை, சிவப்பு இல்லை. கை வைத்தால் மட்டும் மற்றத் தொடையைவிடக் கொஞ்சம் சூடாக இருந்தது. அடுத்த மாதங்களில் நான் படித்ததையும் பட்டதையும் இங்கே எழுதுகிறேன். என்னைப் போல ஒரு கட்டியோடு, யாரிடம் போவது, என்ன கேட்பது என்று தெரியாமல் இருப்பவர்களுக்கு இது உதவ வேண்டும். இதில் மருத்துவம் சம்பந்தமாக இருப்பதெல்லாம் என் சத்திரசிகிச்சை நிபுணர் விளங்கப்படுத்தியது. மட்டக்களப்பில் மருத்துவம் படிக்கும் என் பெறாமகள் பக்கத்தில் இருந்து சரி பார்த்தாள்.

வீட்டில் செய்ய வேண்டியது

முதல் வேலை அளப்பது. கையால் தடவிப் பார்த்து "கொஞ்சம் பெருத்த மாதிரி இருக்கு" என்று சொன்னால் டொக்டருக்கு அது பிரயோசனப்படாது. முழங்கால் சில்லின் மேல் விளிம்பிலிருந்து மேலே எத்தனை சென்ரிமீற்றரில் கட்டி இருக்கிறது என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் அதே உயரத்தில், நின்றபடி, நாடாவை இறுக்காமல் சுற்றி அளவெடுங்கள். மற்றக் காலையும் அதே உயரத்தில் அளந்து பக்கத்தில் எழுதுங்கள். கட்டியின் நீளம், அகலம் இரண்டையும் தனியாக எழுதுங்கள், திகதியும் போடுங்கள். தினம் அளக்க வேண்டாம், மனம்தான் கெடும். இரண்டு கிழமைக்கு ஒரு தடவை போதும். என் கொப்பியில் மூன்று மாதத்தில் நீளம் 7 சென்ரிமீற்றரிலிருந்து 9 ஆகியிருந்தது. அந்த ஒரு பக்கத்தைப் பார்த்த பிறகுதான் கிளினிக்கில் என்னை வேறு விதமாக நடத்தினார்கள்.

அடுத்தது ஆழம். கட்டியின் மேல் விரல் வைத்துக்கொண்டு அந்தத் தசையை இறுக்குங்கள். தொடை என்றால் கதிரையில் இருந்து காலை நீட்டி மேலே தூக்க வேண்டும். தோலுக்கடியில் இருக்கும் சாதாரணக் கொழுப்புக்கட்டி, அதாவது லிப்போமா, அப்போதும் விரலுக்குக் கீழே வழுக்கி நகரும். தசை இறுகும்போது கட்டி அசையாமல் பிடித்துக்கொண்டாலோ உள்ளே மறைந்தாலோ, அது தசையோடு அல்லது தசைக்குக் கீழே இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஐந்து விஷயத்தை மனதில் வையுங்கள். 5 சென்ரிமீற்றருக்கு மேல், அதாவது ஒரு பெரிய தேசிக்காயை விடப் பெரியது, ஆழத்தில் இருப்பது, வளர்ந்துகொண்டு போவது, வலிப்பது, முன்பு வெட்டி எடுத்த இடத்தில் திரும்பி வந்தது. இவற்றில் ஒன்று இருந்தாலும் ஸ்கேன் எடுக்காமல் யாரையும் கத்தி வைக்க விடாதீர்கள். ஒன்றுமே இல்லை, தோலுக்கடியில் சின்னதாக, வருடக்கணக்கில் அப்படியே இருக்கிறது என்றால் அது அநேகமாகச் சாதாரண லிப்போமாதான். அதற்கு இவ்வளவு அலைச்சல் தேவையில்லை. ஒரு தரம் டொக்டரிடம் காட்டிவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

செய்யக்கூடாததும் இருக்கிறது. என் மாமி பரியாரியிடம் எண்ணெய் வாங்கி வந்து உருவச் சொன்னா. பக்கத்து வீட்டு அன்ரி கன்னியாவுக்குப் போய் ஏழு கிணற்றிலும் வெந்நீர் ஊற்றினால் கரையும் என்றா. இரண்டு பேரும் என் மேல் உள்ள அன்பில் சொன்னவர்கள், அவர்களிடம் நான் கோபிக்கவில்லை. ஆனால் உருவினாலும் சூடு கொடுத்தாலும் கொழுப்புக்கட்டி கரையாது. இரத்தக்குழாய் நிறைந்த கட்டியை அழுத்தி உருவினால் உள்ளே இரத்தம் கசியலாம், அப்புறம் ஸ்கேனில் எது கட்டி, எது கசிந்த இரத்தம் என்று பிரித்தறிவது கடினமாகும். கொழுப்பைக் கரைக்கும் ஊசி, உறிஞ்சி எடுக்கும் முறை என்று யாராவது சொன்னாலும், கட்டி என்னவென்று தெரியாத வரை வேண்டாம். முழுக் கட்டியாகப் பரிசோதிக்க வேண்டியது அதிலே சிதைந்து போகும்.

என் அக்காவுக்கு நடந்தது

அக்கா மூதூரில் இருக்கிறா. எனக்கு நான்கு வருடம் முன்னதாக அவவுக்குத் தோள்பட்டையில் ஒரு கட்டி வந்தது. பணம் கட்டி ஒரு தனியார் இடத்தில் காட்டினா. "இது வெறும் கொழுப்பு" என்று சொல்லி, அன்றைக்கே விறைப்பு ஊசி போட்டு, வெட்டி எடுத்து, தையல் போட்டு அனுப்பிவிட்டார்கள். எடுத்த இழையத்தை ஆய்வுகூடத்துக்கு அனுப்பவில்லை. கையில் பணம் கட்டிய பற்றுச்சீட்டைத் தவிர ஒரு தாள் இல்லை.

இரண்டு வருடத்தில் அதே இடத்தில் கட்டி திரும்பி வந்தது. அரசாங்க ஆஸ்பத்திரியில் டொக்டர் கேட்ட முதல் கேள்வி, "முதல் எடுத்தது என்ன? ரிப்போட் எங்கே?" அக்காவிடம் பதில் இல்லை. திரும்பி வந்த கட்டி என்பதால் எதையும் தள்ளிவிட முடியாது என்று எம்.ஆர்.ஐ. (காந்தத்தால் உள்ளே படம் எடுப்பது), பயொப்சி (கட்டியில் துண்டு எடுத்துப் பரிசோதிப்பது) எல்லாம் செய்தார்கள். இரண்டு மாதம் அவ ஒழுங்காகச் சாப்பிடவில்லை. கடைசியில் அது தசைக்குள் ஊடுருவி வளரும் சாதாரண லிப்போமா. அந்த வகை கொஞ்சம் மிச்சம் இருந்தால் திரும்பி முளைக்குமாம். முதல் தடவையே துண்டை அனுப்பியிருந்தால் அந்த இரண்டு மாதம் அவவுக்கு வந்திருக்காது. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு பதறும்.

ஸ்கேன்கள்

வெளிநோயாளர் பிரிவில் துண்டுச்சீட்டு எடுத்து, அங்கிருந்து சத்திரசிகிச்சை கிளினிக்குக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். முதலில் அல்ட்ராசவுண்ட் செய்வார்கள். ரிப்போட்டில் மூன்று விஷயம் இருக்கிறதா என்று பாருங்கள்: மூன்று பக்க அளவு, தசையை மூடியிருக்கும் உறைக்கு மேலா கீழா என்பது, உள்ளே இரத்த ஓட்டம் எப்படி என்பது. இல்லாவிட்டால் மரியாதையாகக் கேளுங்கள், எழுதித் தருவார்கள். என் ரிப்போட்டில் "கொழுப்பு போன்றது, தசைகளுக்கு இடையில், இரத்த ஓட்டம் அதிகம்" என்று இருந்தது. சாதாரண லிப்போமாவுக்குள் இரத்த ஓட்டம் மிகக் குறைவு. அதனால் அந்தக் கடைசிச் சொல்தான் என்னை எம்.ஆர்.ஐ.க்கு அனுப்பியது.

எனக்குத் திகதி கிடைத்தது கண்டியில். விடியற்காலை பஸ் ஏறி, கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை என்று போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. தூரத்திலிருந்து போகிறவர்கள் காலைத் திகதி கேட்காமல் பின்னேரத் திகதி கேளுங்கள். எம்.ஆர்.ஐ. அறை பெரிய காந்தம், உலோகம் உள்ளே போகக்கூடாது. சட்டைக் கொக்கி, தலை ஊசி, காப்பு எல்லாம் கழற்ற வேண்டும். நான் தாலிக்கொடியை மாமியிடம் கொடுத்துவிட்டு, மஞ்சள் கயிற்றில் மஞ்சள் கிழங்கு கட்டிக்கொண்டு போனேன். போகும் இடத்தில் கழற்றச் சொல்லி மனம் கலங்குவதை விட இது நல்லது.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு முக்கியமான ஒன்று: யுத்த காலத்தில் ஷெல் துண்டு பட்டு இன்னும் உடம்புக்குள் இருப்பவர்கள் நிறையப் பேர். காயம் ஆறி முப்பது வருடம் ஆனாலும், வலி இல்லாவிட்டாலும், அதை ஸ்கேன் எடுப்பவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடலாமா என்று முடிவு செய்வார்கள். இதய பேஸ்மேக்கர் வைத்தவர்களும் சிறுநீரக வருத்தம் உள்ளவர்களும் அப்படியே. கையில் ஏற்றும் சாய மருந்து பழுதான சிறுநீரகத்துக்கு ஒத்துவராமல் போகலாம்.

உள்ளே முக்கால் மணித்தியாலம் படுத்திருந்தேன். பெரிய சத்தம், பழைய மெசினில் தடித்த துணி தைப்பது போல. காதுக்கு அடைப்புத் தருவார்கள். அசையாமல் இருப்பது மட்டும்தான் நம் வேலை.

படத்தில் கொழுப்பை அணைத்துவிடும் ஒரு முறை உண்டு. அந்த முறையில் எடுத்தால் சாதாரண லிப்போமா முழுவதும் கறுத்துப் போகும், தோலுக்கடியில் உள்ள கொழுப்பு போலவே. என் கட்டி முழுதாகக் கறுக்கவில்லை. சாதாரணக் கொழுப்பை விட மங்கலாக இருந்தது, தடித்த இரத்தக்குழாய்கள் ஓடின, சாயம் ஏற்றியதும் கட்டி பளிச்சென்று தெரிந்தது. டொக்டர் இரண்டு பெயர் சொன்னார். ஒன்று ஹைபர்நோமா, புற்றுநோய் இல்லாதது, அரிது. மற்றது மெதுவாக வளரும் லைப்போசார்க்கோமா, கொழுப்பில் வரும் புற்றுநோய்களில் ஒன்று. படத்தை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது என்றார்.

பெட் ஸ்கேன் (சர்க்கரை போன்ற ஒரு மருந்தை ஏற்றி, உடம்பில் எது அதை அதிகம் உறிஞ்சுகிறது என்று பார்ப்பது) எடுத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. ஹைபர்நோமா சர்க்கரையை வேகமாக உறிஞ்சும் இழையம், அதனால் அந்த ஸ்கேனில் புற்றுநோயைப் போலப் பளிச்சென்று தெரியும். வேறு காரணத்துக்கு எடுத்த பெட் ஸ்கேனில் இப்படித் தெரிந்து பயந்து போனவர்கள் உண்டு. அங்கேயும் பயொப்சிதான் தீர்க்கும்.

ஊசியால் துண்டு எடுப்பது

இந்தப் படியில்தான் அநேகம் பேர் பின்வாங்குகிறார்கள். "கட்டியில் ஊசி பட்டால் பரவும்" என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். ஊசி போகும் வழி சரியாக இருந்தால் அந்தப் பயம் வேண்டியதில்லை. பிறகு கட்டியை எடுக்கும்போது எங்கே வெட்டுவார்களோ அந்தக் கோட்டிலேயே ஊசி போக வேண்டும். கை கால்களில் அது நீளவாக்கில் இருக்கும், குறுக்கே இருக்காது. துணி வெட்டுகிறவளுக்கு இது உடனே விளங்கியது: எங்கே தையல் வருமோ அங்கேதான் முதல் ஓட்டை. அதனால் சத்திரசிகிச்சை செய்யப் போகிறவரும் ஸ்கேன் டொக்டரும் பேசி இடத்தைக் குறிப்பது நல்லது. "எடுக்கப் போகிறவருக்கு இந்த இடம் தெரியுமா?" என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, கேளுங்கள்.

மெல்லிய ஊசியால் சில கலங்களை மட்டும் உறிஞ்சி எடுப்பது ஒரு முறை. இந்த மாதிரிக் கட்டிக்கு அது அநேகமாகப் போதாது. நூல் மாதிரி ஒரு துண்டாக இழையத்தை எடுக்கும் தடித்த ஊசி வேண்டும், அதைக் கோர் பயொப்சி என்பார்கள். ஹைபர்நோமாவில் இரத்தக்குழாய் அதிகம் என்பதால் இரத்தம் கசியும். அஸ்பிரின், குளோபிடோகிரெல், வார்பரின் போன்றவை எடுப்பவர்கள் ஒரு கிழமைக்கு முன்பே சொல்லுங்கள். தாங்களாக நிறுத்தவும் வேண்டாம். எனக்கு எடுத்த பிறகு தாதி அரை மணித்தியாலம் அழுத்திப் பிடித்திருந்தா. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் மெசின் மிதிக்கவில்லை.

மூன்று கிழமை கழித்து ரிப்போட் வந்தது. நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது, சாதாரணக் கொழுப்புக் கலம் போல ஒரே பெரிய துளி இல்லாமல், ஒவ்வொரு கலத்துக்குள்ளும் குட்டிக் குட்டித் துளிகள் நிறைய இருந்தனவாம், கரு நடுவில். புற்றுநோய் வகையில் எம்.டி.எம்.2 என்ற மரபணு பல மடங்காகப் பெருகியிருக்கும், என்னுடையதில் பெருகவில்லை. ஹைபர்நோமாவேதான். ஆழமான, பெரிய கொழுப்புக்கட்டி உள்ளவர்கள் இந்த எம்.டி.எம்.2 பரிசோதனை தங்களுக்குத் தேவையா என்று பெயர் சொல்லியே கேளுங்கள். எல்லா ஆய்வுகூடத்திலும் இது இல்லை, அனுப்பி எடுப்பிக்க நாளாகும்.

பச்சைக் குழந்தைகளுக்கு உடம்பைச் சூடாக வைத்திருக்கக் கபில நிறக் கொழுப்பு இருக்கும். குளிர்காலம் முழுக்க உறங்கும் (ஆங்கிலத்தில் ஹைபர்நேஷன்) விலங்குகளுக்கும் அதுதான் சூடு. பெரியவர்களிடம் கொஞ்சம்தான் மிஞ்சும். ஹைபர்நோமா அந்தக் கொழுப்பின் கட்டி. 1906இல் முதன்முதலாக விபரிக்கப்பட்டது, 1914இல் உறங்கும் விலங்குகளை வைத்து இந்தப் பெயர் வந்தது. என் தொடை ஏன் சூடாக இருந்தது என்று அன்றைக்குத்தான் விளங்கியது. உள்ளே அவ்வளவு இரத்தம் ஓடியிருக்கிறது. 2001இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 170 ஹைபர்நோமாக்களைச் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். சராசரி வயது 38, அதிகம் வந்த இடம் தொடை. பின்தொடர்ந்து பார்த்த 66 பேரில் ஒருவருக்கும் திரும்பி வரவில்லை. பெறாமகள் இதை வாசித்துக் காட்டியபோது எனக்கு வயது 39. அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

மற்ற அரிய வகைகள்

வயதும் இடமும் பாதியைச் சொல்லிவிடும். மூன்று வயதுக்குள் உள்ள பிள்ளைக்கு வேகமாக வளரும் கொழுப்புக்கட்டி வந்தால் அது லிப்போபிளாஸ்ரோமாவாக இருக்கலாம். புற்றுநோய் இல்லை, ஆனால் எல்லை இல்லாமல் பரவிய வகை மிச்சம் விட்டால் திரும்பி வரும். அதனால் குழந்தைகளுக்கான சத்திரசிகிச்சை நிபுணரே எடுக்க வேண்டும், பிறகு சில வருடம் காட்டிக்கொண்டும் இருக்க வேண்டும். ஐம்பது தாண்டிய ஆண்களுக்குப் பிடரியிலோ தோளிலோ வருவது அநேகமாகக் கதிர்க்கல லிப்போமா (நூல் சுற்றும் கதிர் வடிவக் கலங்கள் உள்ளது), எடுத்தால் முடிந்தது. இளம் வயதில் முன்கையில் பட்டாணி அளவில் பலதாக வந்து, தொட்டால் வலிப்பது அநேகமாக அஞ்சியோலிப்போமா. வலி என்றதும் இவர்கள்தான் அதிகம் பயப்படுகிறார்கள், தேவையில்லை. வயிற்று ஸ்கேனில் தற்செயலாக, சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அதிரினல் சுரப்பியில் தெரியும் கொழுப்புக்கட்டி அநேகமாக மயலோலிப்போமா, கொழுப்பும் எலும்பு மச்சையும் கலந்தது. சின்னதாக, தொந்தரவில்லாமல் இருந்தால் பெரும்பாலும் விட்டுவைத்துப் பார்ப்பார்கள். கழுத்தைச் சுற்றி இரண்டு பக்கமும் சமமாகக் கொழுப்புத் திரள்வது மடெலுங் நோய், நீண்ட காலம் மது அருந்திய ஆண்களிடம் அதிகம். அங்கே கத்தியை விட முதலில் குடியை நிறுத்த வேண்டும்.

எடுப்பதும் அதற்குப் பிறகும்

பெயர் உறுதியான ஹைபர்நோமா தொந்தரவு தராவிட்டால் பார்த்துக்கொண்டும் இருக்கலாம், அது புற்றுநோயாக மாறுவதில்லை. என்னுடையது வளர்ந்துகொண்டிருந்தது, மிதிக்கும்போது நரம்பை இழுப்பது போல் இருந்தது. எடுப்பதென்று முடிவு செய்தோம். கட்டியை உறையோடு முழுதாக எடுப்பதுதான் சிகிச்சை. கதிர்வீச்சோ கீமோவோ இதற்குத் தேவையில்லை. இரத்தக்குழாய்களை ஒவ்வொன்றாகக் கட்டி எடுக்க வேண்டியிருப்பதால் நேரம் பிடிக்கும். இரத்தப் பிரிவு முன்பே பார்த்து வைப்பார்கள். எனக்கு முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே விறைக்கச் செய்தார்கள். எடுத்த பிறகு டொக்டர் காட்டினார்: மஞ்சள் இல்லை, பழைய தேங்காய் மட்டையின் உட்பக்கம் போன்ற கபில நிறம்.

சத்திரசிகிச்சைக்கு முதல் நாளே இரண்டு விஷயத்தைக் கேட்டு வையுங்கள். "எடுத்ததை முழுதாக ஆய்வுகூடத்துக்கு அனுப்புவீர்களா?" ஊசியில் வந்த துண்டு கட்டியின் ஒரு மூலைதான், முழுக் கட்டியைப் பார்த்த ரிப்போட்டே கடைசி வார்த்தை. "ரிப்போட் எடுக்க எப்போது வர வேண்டும்?" திகதியைக் கிளினிக் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். வாங்காமல் விட்ட ரிப்போட் எத்தனையோ.

காயத்துக்குள் ஒரு குழாய் வைத்து வெளியே சின்னப் போத்தலில் நீர் வடியவிட்டார்கள், மூன்றாம் நாள் எடுத்தார்கள். பெரிய கட்டி இருந்த இடம் வெறுமையாகும், அதில் நீர் தேங்கி வீங்குவது உண்டு. எனக்கும் பத்தாம் நாள் தேங்கியது, கிளினிக்கில் ஊசியால் எடுத்துவிட்டார்கள். காய்ச்சல், சிவப்பு, சீழ் என்றால் மட்டும் அன்றைக்கே ஓட வேண்டும். தையல் இரண்டு கிழமையில் பிரித்தார்கள். ஆறு கிழமை மெசின் மிதிக்க வேண்டாம் என்றார் டொக்டர். கார்த்திகை மாதம், கலியாண ஓடர்கள் கையில் இருந்தன. தங்கச்சி வந்து மிதித்தா, நான் பக்கத்தில் இருந்து வெட்டிக் கொடுத்தேன்.

ஒரு பிளாஸ்ரிக் கோவை வாங்கி எல்லாத் தாளையும் அதில் வையுங்கள். அல்ட்ராசவுண்ட், எம்.ஆர்.ஐ. படத்தின் இறுவட்டு, பயொப்சி ரிப்போட், கடைசி ரிப்போட், சத்திரசிகிச்சைக் குறிப்பு. ஆய்வுகூடத்தில் உங்கள் இழையத்தை மெழுகுக் கட்டியாகவும் கண்ணாடித் தட்டாகவும் வைத்திருப்பார்கள். இன்னொரு நிபுணர் பார்க்க வேண்டுமென்றால் ரிப்போட்டில் உள்ள இலக்கத்தைச் சொல்லிக் கேட்கலாம். அந்த இலக்கத்தைக் கைபேசியிலும் படம் எடுத்து வையுங்கள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை முழங்கால் சில்லிலிருந்து அதே உயரத்தில் நாடாவைச் சுற்றுகிறேன். தழும்புக்குக் கீழே கொஞ்சம் குழி விழுந்ததால் வலது தொடை இப்போது இடதை விட அரை சென்ரிமீற்றர் குறைவு. அந்தப் பஞ்சாபியை அக்காவுக்குப் பிரித்துத் தைத்துக் கொடுத்தேன். அவவின் தோள் அளவும் திகதியோடு என் கொப்பியில் இருக்கிறது.